ஸ்கோப் மவுண்ட் வாங்கும் முன் தூரத்தைக் கணக்குப் போடுங்கள்

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகன் கோத்தகிரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துக் குன்னூருக்கு வந்து நின்றான். கோவையில் ஒரு ரேஞ்சில் .22 ரைஃபிள் பழகுகிறவன். துப்பாக்கி அங்கேயே பூட்டியிருக்கும். பையில் கொண்டுவந்திருந்தது புது ஸ்கோப்பும், அதாவது குறிபார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கியும், அதைப் பிடித்து நிறுத்தும் மவுண்ட்டும் மட்டும்.

"மாமா, ஸ்கோப்பு கெட்டுப்போச்சு போல. அம்பது மீட்டர்ல சுட்டா எல்லாக் குண்டும் அஞ்சு சென்டிமீட்டர் மேல போய் விழுது. குமிழைக் கீழ் பக்கமாத் திருப்பிக்கிட்டே போனேன், ஒரு இடத்துல நின்னுடுச்சு. அதுக்கு மேல திரும்பவே மாட்டேங்குது."

நான் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தேயிலையை நறுக்கி நசுக்கும் சிடிசி ரோலர்களுக்கு நடுவே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு இந்தக் கோடியும் அந்தக் கோடியும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே பாதி ஆயுள் போய்விட்டது. எந்தப் பொருள் கெட்டுவிட்டது என்று சொன்னாலும் முதலில் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைத்தான் சந்தேகப்படுவேன். கைபேசியில் துப்பாக்கியின் படத்தைக் காட்டச் சொல்லிப் பெரிதாக்கிப் பார்த்தேன். துப்பாக்கியின் முதுகில் உள்ள ரெயிலின் ஓரத்தில் பொடி எழுத்தில் 20 என்று பொறித்திருந்தது. மவுண்ட்டைத் திருப்பினேன். அதன் அடியிலும் 20.

"ஏன்டா, இதை யாரு வாங்கச் சொன்னது?"

"தூரமா சுடணும்னா இருபது எம்ஓஏ மவுண்ட்டு வேணும்னு சொன்னாங்க மாமா."

எம்ஓஏ என்பது கோணத்தின் அளவு, பின்னால் விரிவாகச் சொல்கிறேன். சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. ரெயிலில் ஏற்கெனவே ஒரு இருபது இருக்கிறது என்பதை இவன் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இரண்டும் கூடி நாற்பதாகிவிட்டது. அந்த நாற்பது ஏன் ஸ்கோப்பைக் கெட்டுப்போனதுபோல் காட்டியது என்பதை அன்று முழுக்க உட்கார்ந்து அவனுக்கு விளக்கினேன். அதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தொடங்குமுன் இரண்டு விஷயம். ஒன்று, ஸ்கோப் என்றதும் பலருக்கு ஒலிம்பிக் நினைவுக்கு வருகிறது. அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும், ஸ்வப்னில் குசாலே 2024இல் பாரிஸில் வெண்கலம் வாங்கியதும் சின்னத் துளை வழியாகக் குறிபார்க்கும் துளைப் பார்வை வைத்துத்தான். அந்த ரைஃபிள் போட்டிகளில் தொலைநோக்கி கூடாது. ஸ்கோப் வருவது எஃப்-கிளாஸ், பெஞ்ச்ரெஸ்ட், ஏர் ரைஃபிளில் ஃபீல்டு டார்கெட் போன்ற வேறு ஆட்டங்களில். அதில் எஃப்-கிளாஸ் 1000 கஜம் வரைக்கும் போகும். இரண்டு, இது ரேஞ்சில் காகித இலக்கைச் சுடுகிறவர்களுக்கான எழுத்து. நீலகிரியில் எதிர்ச் சரிவு காலியாகத் தெரியும், ஆனால் தேயிலைச் செடிக்குள் ஆள் குனிந்து கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார், பக்கத்துச் சோலையில் காட்டுமாடு நிற்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இலிருந்து இருக்கிறது. எஸ்டேட்டில் நின்று சுட்டுப் பார்க்கும் எண்ணம் இருந்தால் இதை இங்கேயே மூடிவிடலாம்.

சரி, மவுண்ட் என்றால் என்ன? துப்பாக்கியின் மேல் ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்தும் இரும்போ அலுமினியமோ ஆன அமைப்பு. மூன்று அடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி உடம்பில் திருகிய ரெயில் அடியில். அதைக் கவ்விக்கொள்ளும் தாடை நடுவில். ஸ்கோப்பின் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் இரண்டு ரிங் மேலே. தாடையும் ரிங்கும் தனித்தனி இரண்டு ஜோடியாக வந்தால் ரிங் செட் என்பார்கள். இரண்டு ரிங்கும் ஒரே கட்டையில் கடைந்து வந்தால் ஒன்பீஸ் மவுண்ட்.

பார்க்க ஏதோ கிளாம்ப் மாதிரி இருப்பதால்தான் எல்லோரும் ஸ்கோப்புக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, மிச்சம் இருக்கும் சில்லறைக்கு மவுண்ட் வாங்குகிறார்கள். ஸ்கோப் ஓர் அளவுகருவி. அது எந்தக் கோணத்தில் உட்காருகிறது என்பதும் அந்த அளவில் சேர்ந்துவிடும்.

கோணம் என்றதும் எம்ஓஏ வந்துவிடுகிறது. ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு எம்ஓஏ. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சொன்னால், 100 மீட்டர் தள்ளி ஒரு பத்து ரூபாய் நாணயத்தை நிறுத்துங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். 100 மீட்டரில் ஒரு எம்ஓஏ 29 மில்லிமீட்டர், நாணயத்தைவிட இரண்டே மில்லிமீட்டர் அதிகம். 50 மீட்டரில் அதில் பாதி, 200 மீட்டரில் இரண்டு மடங்கு. ஸ்கோப்பின் மேல் குமிழைத் திருப்பினால் டிக் டிக் என்று கேட்கிறதே, பெரும்பாலான ஸ்கோப்பில் அந்த ஒரு கிளிக் கால் எம்ஓஏ. சில ஸ்கோப்புகள் மில் கணக்கில் வரும். ஒரு மில் 100 மீட்டரில் சரியாகப் பத்து சென்டிமீட்டர், அதாவது சுமார் 3.44 எம்ஓஏ. எந்தக் கணக்கில் பழகினாலும் சரி, இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

இப்போது குண்டின் பக்கம் வருவோம். பேரலை விட்ட நொடியிலிருந்து குண்டு கீழே விழத் தொடங்குகிறது. தூரம் கூடக் கூட விழுவது வேகமாகக் கூடுகிறது. அதனால் தூரத்து இலக்குக்கு பேரலின் வாயை மேலே தூக்கிச் சுடவேண்டும். ஆனால் கண் இலக்கையே பார்க்கவேண்டும். இதைச் செய்துதருவதுதான் மேல் குமிழ். அதை ஏற்றினால் உள்ளே இருக்கும் சின்னக் குழாய் சாய்கிறது, ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு இலக்கில் நிற்க பேரல் மேலே தூக்கிக்கொள்கிறது.

அந்தச் சின்னக் குழாய்க்கு ஓர் எல்லை உண்டு. இவனுடைய ஸ்கோப்பில் மொத்த நகர்வு 50 எம்ஓஏ. நட்டநடுவில் வைத்தால் மேலே 25, கீழே 25. எல்லோரும் மறக்கிற இடம் இதுதான். அந்தக் கீழ்ப்பக்க 25 சும்மா கிடக்கிறது. குண்டு மேல் நோக்கி விழுவதில்லையே! அப்படி வீணாகக் கிடப்பதை எடுத்து மேல்பக்கக் கணக்கில் சேர்க்கத்தான் மவுண்ட்டையோ ரெயிலையோ சற்றே சாய்த்து, பின்பக்கம் உயரமாகக் கடைகிறார்கள். இருபது எம்ஓஏ என்பது அந்தச் சாய்வின் அளவு.

எவ்வளவு சாய்வு என்று கேட்டால் சிரிப்பு வரும். 15 சென்டிமீட்டர் நீள ரெயிலில் இருபது எம்ஓஏ என்றால் பின்முனை முன்முனையைவிட 0.87 மில்லிமீட்டர்தான் உயரம். நம் தச்சர்கள் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள் இல்லையா, அதில் கால் நூலுக்குக் கொஞ்சம் கூட. கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது, வெர்னியர் வைத்தால்தான் தெரியும். கால் நூல்தானே என்று விட்டால், 100 மீட்டரில் அது 58 சென்டிமீட்டர்.

வெர்னியரை எடுத்த கையோடு இன்னொன்றையும் பாருங்கள். சாய்வான ரெயிலைத் தலைகீழாக, உயரமான முனையை முன்னால் வைத்துத் திருகியவர்கள் இருக்கிறார்கள். சில ரெயிலில் திருகுத் துளைகள் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்போது இது சுலபமாக நடந்துவிடும். அப்புறம் இருபது கூடுவதற்குப் பதில் இருபது குறையும். உயரமான பக்கம் கண்ணுக்கு அருகில் வரவேண்டும்.

இவன் துப்பாக்கிக்கே கணக்குப் போட்டோம். சாதாரண வேக .22 குண்டு, நொடிக்கு 325 மீட்டர் வாக்கில் கிளம்புவது. ஸ்கோப்பின் மையம் பேரலின் மையத்துக்கு மேலே 45 மில்லிமீட்டர். 50 மீட்டருக்குள் குண்டு விழுவது சுமார் 12 சென்டிமீட்டர். இரண்டையும் கூட்டிக் கோணமாக்கினால் கிட்டத்தட்ட பன்னிரண்டு எம்ஓஏ. அதாவது 50 மீட்டரில் ஜீரோ செய்யவே, குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி குமிழைச் சரிசெய்யவே, குறுக்குக்கோடு பேரலின் கோட்டிலிருந்து பன்னிரண்டு எம்ஓஏ சாய்ந்திருக்கவேண்டும்.

சமதளமான ரெயில் என்றால் இந்தப் பன்னிரண்டும் மேல்பக்க 25இலிருந்து போய்விடும். மிச்சம் பதின்மூன்று. 50இல் ஜீரோ செய்த .22, 100 மீட்டருக்கு ஏழெட்டு எம்ஓஏ கேட்கும், 150 மீட்டருக்குப் பதினேழு, 200 மீட்டருக்கு ஏறக்குறைய இருபத்தெட்டு. குண்டுக்குக் குண்டு கொஞ்சம் மாறும், ஆனால் இந்த வாக்கில்தான். பதின்மூன்றை வைத்துக்கொண்டு 100ஐத் தாண்டலாம், 150ஐத் தொட முடியாது.

இருபது சாய்வு இருந்தால்? பன்னிரண்டு தேவைப்படும் இடத்தில் இருபது கிடைத்துவிட்டது. ஜீரோ செய்ய எட்டு எம்ஓஏ கீழே இறக்கினால் போதும். கீழ்ப்பக்கம் 25 இருக்கிறது, தாராளம். ஜீரோவிலிருந்து மேலே ஏற மிச்சம் முப்பத்து மூன்று. 200 மீட்டர் கையில் வந்துவிட்டது.

நாற்பது என்றால்? ஜீரோ செய்ய இருபத்தெட்டு இறக்கவேண்டும். இருப்பதே இருபத்தைந்து. பன்னிரண்டு என்றது சற்றுக் கூட்டிச் சொன்னது என்பதால், உண்மையில் மூன்றரை எம்ஓஏ வாக்கில் இடிக்கிறது. 50 மீட்டரில் அது ஐந்து சென்டிமீட்டர். அவன் சொன்ன அதே ஐந்து சென்டிமீட்டர்!

பேப்பரில் அந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்கவேண்டும். ஸ்கோப் கெட்டுப்போகவில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம், மவுண்ட்டுக்குக் கொடுத்த காசு இன்னொரு பக்கம்.

பெரிய ரைஃபிளுக்கும் இதே கணக்குத்தான், எண்கள் மட்டும் மாறும். எஃப்-கிளாஸில் எஃப்டிஆர் என்ற பிரிவில் .308 அல்லது .223 குண்டுதான் சுடலாம். .308இல் 100 கஜத்தில் ஜீரோ செய்து 1000 கஜம் போக, கடல் மட்டத்தில் முப்பத்தெட்டு எம்ஓஏ பக்கம் வேண்டியிருக்கும். ஜீரோவுக்கே நாலு போய்விடும். மொத்தம் 60 நகர்வுள்ள ஸ்கோப் என்றால் சமதள ரெயிலில் மிச்சம் 26, எட்டாது. இருபது சாய்வில் 46, எட்டும். நாற்பது சாய்வில் 100 கஜத்தில் ஜீரோவே ஆகாது. தூரமாகச் சுட ஆசைப்பட்டவன் கிட்டத்தில் சுட முடியாமல் நிற்பான். அதனால் மவுண்ட் கடைக்காரரிடம் எது நல்லது என்று கேட்பதில் அர்த்தமில்லை. என்ன குண்டு, எங்கே ஜீரோ, எட்டவேண்டிய கடைசித் தூரம் எது, ஸ்கோப்பின் மொத்த நகர்வு எவ்வளவு, ரெயிலில் ஏற்கெனவே சாய்வு இருக்கிறதா என்ற இந்த ஐந்தும் உங்கள் கையில் இருந்தால் அவரைக் கேட்காமலே தெரிந்துவிடும்.

எட்டினால் மட்டும் போதாது, எல்லையை இடிக்காமல் எட்டவேண்டும் என்பதும் உண்டு. உள்குழாய் வட்டமான வெளிக்குழாய்க்குள் நகர்கிறது. மேலேயோ கீழேயோ ஓரத்துக்குப் போய்விட்டால் இடம் வலம் நகர இடம் குறைந்துவிடும். காற்றுக்குத் திருத்த வேண்டிய நாளில் பக்கக் குமிழ் நின்றுபோகும். ஐந்து பத்து எம்ஓஏ கையிருப்பு வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

மலைக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு பொறி இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். மெல்லிய காற்று குண்டைக் குறைவாகத் தடுக்கும், குண்டு வேகத்தைத் தக்கவைத்துக்கொள்ளும், குறைவாக விழும். 50 மீட்டரில் இது பெயரளவுக்குத்தான். .308இல் 1000 கஜம் என்றால் நாலைந்து எம்ஓஏ வித்தியாசம் காட்டும். மலை உயரத்துக்குக் கணக்குப் போட்டு மவுண்ட் வாங்கியவர், சமவெளியில் போட்டிக்கு இறங்கினால் அந்த நாலைந்து எம்ஓஏவுக்குக் குமிழில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். எப்போதும் கடல் மட்டத்துக்கே கணக்குப் போட்டு வாங்குவது உத்தமம்.

சாய்வு முடிவானால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மிச்சம் பொருத்தம்.

ரெயிலில் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் மூன்று வகை. பிகாட்டினி என்பது அமெரிக்க ராணுவம் 1995இல் தரப்படுத்தியது. குறுக்குப் பள்ளங்கள் 5.23 மில்லிமீட்டர் அகலம், ஒரு பள்ளத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 10 மில்லிமீட்டர். வீவர் என்பது அதற்கு முந்தியது, பள்ளம் சற்றுக் குறுகல், இடைவெளியும் ஒரே சீராக இருக்காது. வீவருக்குச் செய்த மவுண்ட் பிகாட்டினியில் உட்காரும், கொஞ்சம் ஆட்டம் இருக்கும். பிகாட்டினிக்குச் செய்தது வீவரில் உட்காராமலே போகலாம். மூன்றாவது, ஏர் ரைஃபிளிலும் பல .22இலும் வரும் புறாவால் பள்ளம், பேச்சு வழக்கில் 11 எம்எம் ரெயில். பெயர்தான் பதினொன்று. அளந்தால் ஒன்பதரையிலிருந்து பதின்மூன்று வரை எதுவும் வரும். உங்களுடையதை அளக்காமல் வாங்காதீர்கள்.

ரிங்கின் உள்விட்டம் ஸ்கோப் குழாயின் வெளிவிட்டம்தான். ஓர் அங்குலம் என்றால் 25.4, அப்புறம் 30, 34 என்று போகும். 30 மில்லிமீட்டர் ரிங்கில் ஓர் அங்குலக் குழாயைத் தகடு சுற்றிப் பிடிக்கவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பம்புசெட்டுக்கு அது சரி.

உயரத்தைப் பற்றி ஒரு பழைய வாக்கு உண்டு, எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ வை என்று. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கட்டாயமானது இரண்டுதான். ஸ்கோப்பின் முன்கண்ணாடிக் கூடு பேரலைத் தொடக்கூடாது. கூட்டின் வெளிவிட்டத்தை அளந்து பாதியாக்குங்கள். 57 மில்லிமீட்டர் என்றால் 28.5. ஸ்கோப்பின் நடுக்கோடு அந்த இடத்தில் பேரலின் மேற்பரப்பிலிருந்து அதைவிட இரண்டு மில்லிமீட்டராவது உயரத்தில் இருந்தால் போதும். மூடி போடும் பழக்கம் இருந்தால் அதற்கும் கொஞ்சம். இரண்டாவது உங்கள் கன்னம். கண்ணை மூடிக்கொண்டு, சுடுகிற நிலையில் கன்னத்தைக் கட்டையில் வசதியாக வைத்து, பிறகு கண்ணைத் திறந்தால் முழு வட்டமும் தெரியவேண்டும். கழுத்தைத் தூக்கித் தேடவேண்டியிருந்தால் ரிங் உயரம், அல்லது கட்டையின் கன்னத்தாங்கி தாழ்வு. தாங்கியை ஏற்ற முடிகிற துப்பாக்கியில் ரிங் ஐந்து மில்லிமீட்டர் கூடினால் ஒன்றும் கெட்டுவிடாது. கழுத்து வலியோடு நூறு குண்டு சுடுவதுதான் கெடுதல்.

ஒன்பீஸா, தனி ரிங்கா? நல்ல ரெயில் இருந்தால் நல்ல தனி ரிங் இரண்டும் தாராளமாகப் போதும், எடையும் குறைவு. ஆனால் ரெயில் நேராக இருக்கவேண்டும். அங்கேதான் எனக்கு சிடிசி ரோலர் ஞாபகம் வருகிறது. ஒரு கோடி கால் மில்லி தள்ளினாலும் இலை ஒரு பக்கம் நறுங்கும், மறு பக்கம் நசுங்கும். அதேபோல் துப்பாக்கி உடம்பின் முன்பாகமும் பின்பாகமும் ஒரே மட்டத்தில் கடையப்படாமல் இருந்தால், திருகை முறுக்கும்போது ரெயில் வளையும். அதன் மேல் இரண்டு ரிங்கும் வேறு வேறு திசை பார்க்கும், நடுவில் மாட்டிய ஸ்கோப் குழாய் முறுக்கப்படும். சோதிக்க வழி எளிது. ரெயிலின் முன் திருகுகளை மட்டும் முறுக்கிவிட்டுப் பின்பக்கம் அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் அந்த இடைவெளியை ஸ்டீல் எபாக்ஸி வைத்து நிரப்பி உட்காரவைப்பார்கள். தண்ணீர்க் குழாய்க்கு ஒட்டும் எம்-சீலைச் சொல்லவில்லை. பர்ரிஸ் சிக்னேச்சர் போன்ற சில ரிங்குகளில் உள்ளே உருளும் பிளாஸ்டிக் வளையம் இருக்கும், சிறு கோணப் பிசகை அதுவே வாங்கிக்கொள்ளும். வளையத்தை மாற்றிப் போட்டுச் சாய்வும் ஏற்படுத்திக்கொள்ளலாம். ரெயிலில் சாய்வில்லாத .22 காரர்களுக்கு அது செலவு குறைந்த வழி. ஸ்வீடனின் ஸ்பூர் மாதிரியான ஒன்பீஸ் மவுண்ட்டில் ரசமட்டம்கூட உள்ளேயே வந்துவிடும், விலையும் அந்த மாதிரி. வேண்டாத ஒன்று சொல்கிறேன்: நெம்புகோலால் டக்கென்று கழற்றி மாட்டும் வகை. காகித இலக்குச் சுடுகிறவருக்கு ஸ்கோப்பைக் கழற்றும் அவசரம் ஒன்றும் வந்துவிடாது.

ஏர் ரைஃபிள்காரர்களுக்கு மட்டும் ஒரு பத்தி, ஏனென்றால் நான் அடிபட்ட இடம் அது. பல வருடத்துக்கு முன்பு என்னிடம் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்று இருந்தது. அதில் சாதாரண ரிங் போட்டு ஸ்கோப் மாட்டினேன். ஒரு வாரம் நன்றாக விழும், அடுத்த வாரம் வேறெங்கோ விழும். பெல்லட்டைத் திட்டினேன், பனியைத் திட்டினேன், கண் டாக்டரிடமும் போய்வந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் எண்ணெய் துடைக்கும்போது பார்த்தால், பின் ரிங்கின் பின்னால் ரெயிலில் கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளிக்கோடு விழுந்திருக்கிறது. மவுண்ட் நான் மாட்டிய இடத்திலிருந்து நாலு மில்லிமீட்டர் பின்னால் ஊர்ந்து வந்திருந்தது. ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டும்போது வெடுக்கென்று முன்னால் பாயும். அந்த இரண்டாவது வெட்டில் துப்பாக்கி முன்னே போக, ஸ்கோப் பின்தங்கும். சாதாரண ரைஃபிளில் நடப்பதற்கு நேர் எதிர். இதற்கென்றே அடியில் ஆணி உள்ள மவுண்ட் விற்கிறார்கள், ரெயிலில் உள்ள துளைக்குள் அந்த ஆணி இறங்கி ஊர்வதைத் தடுக்கும். ஆணி இல்லாத எதையும் ஸ்பிரிங் துப்பாக்கிக்கு வாங்காதீர்கள்.

இனி மாட்டுவது. குண்டு சுடும் ரைஃபிள் பின்னால் உதைக்கும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும், ஆகவே துப்பாக்கியைப் பொறுத்து முன்னால் வழுக்கப் பார்க்கும். அதனால் பிகாட்டினியில் தாடையைப் பள்ளத்தில் உட்காரவைத்து, முறுக்கும் முன் பேரல் வாய்ப் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். மவுண்ட்டின் அடியில் உள்ள குறுக்குக்கட்டை பள்ளத்தின் முன்சுவரில் முட்டி நிற்கவேண்டும். இதைச் செய்யாவிட்டால் முதல் பத்துக் குண்டும் அந்த வேலையைத்தான் செய்யும்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி ஒன்பது பத்து சென்டிமீட்டர். அதை மேசையில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். படுத்துச் சுடுகிறவர் படுத்துப் பார்க்கவேண்டும், தலை தானாக முன்னே போகும். இங்கே மார்கழி தையில் ஸ்வெட்டர் மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு அமைத்த இடைவெளி, கோவையில் சட்டையோடு படுக்கும்போது மாறிவிடும். போட்டிக்கு எதை உடுத்துவீர்களோ அதை உடுத்திக்கொண்டு மாட்டுங்கள்.

முறுக்கும் அளவு மவுண்ட்டோடு வரும் தாளில் இருக்கும், ஸ்கோப் கம்பெனி வேறு அளவு சொல்லியிருந்தால் குறைந்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரிங் மூடித் திருகுகளுக்குப் பொதுவாக 15இலிருந்து 18 அங்குல-பவுண்டு, நம் கணக்கில் இரண்டு நியூட்டன் மீட்டர் வாக்கில். ஆலன் கீயை முழுப்பலத்தோடு திருகினால் இதைப்போல் இரண்டு மூன்று பங்கு போய்விடும், குழாயில் வளையத் தழும்பு விழும், உள்ளே குமிழ் இறுகும். லாரி பட்டறையின் டார்க் ரெஞ்ச் இந்தச் சின்ன அளவுக்கு இறங்காது. இந்த அளவைக் காட்டும் சிறிய டார்க் கீயாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நாலு திருகையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், மூடியின் இரண்டு பக்கச் சந்தும் ஒரே அளவாக இருக்கட்டும். ரெயிலைப் பிடிக்கும் திருகுகளில் திருகு தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு துளி. ரிங் திருகுகளில் தாள் சொன்னாலொழிய எதுவும் வேண்டாம், ஈரத் திருகு அதே முறுக்கில் அதிகமாக இறுகிவிடும். இங்கே ஆடி மழையில் திருகுத் தலையில் துரு பூக்கும் என்பதால், மாட்டி முடித்த பிறகு வெளியே மட்டும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.

கடைசியில் நேர்நிறுத்தல். குறுக்குக்கோடு ஒரு டிகிரி சாய்ந்து மாட்டப்பட்டால் கிட்டத்தில் ஒன்றும் தெரியாது. 1000 கஜத்துக்கு முப்பத்தெட்டு எம்ஓஏ ஏற்றும்போது குறி நேராக மேலே ஏறாமல் பக்கவாட்டில் முக்கால் எம்ஓஏவுக்குக் கொஞ்சம் குறைவாக விலகும். அந்தத் தூரத்தில் அது 17 சென்டிமீட்டருக்கு மேல். எஃப்-கிளாஸ் இலக்கில் பத்து வளையத்தின் மொத்தக் குறுக்களவே ஓர் எம்ஓஏ. காற்றைத் தப்பாகப் படித்துவிட்டோம் என்று ஆள் புலம்பிக்கொண்டிருப்பார். ஸ்கோப்பின் தலையில் சின்ன ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. குமிழின் மூடி மட்டமாக இருக்கிறது என்பதற்காக உள்ளே உள்ள கோடும் மட்டமாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். தூரத்தில் நூலில் தொங்கவிட்டு, துப்பாக்கியை மட்டமாக நிறுத்தி, நிற்கும் கோடு நூலோடு ஒட்டும்வரை ஸ்கோப்பைச் சுழற்றுங்கள். திருகை இறுக்கும்போது கோடு கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். அதனால் இறுக்கிய பின் மறுபடி பார்க்கவேண்டும்.

அக்கா மகனுக்கு வேறு மவுண்ட் கிடைத்தது, இம்முறை சாய்வில்லாதது. அவன் வாங்கிய பழையதை ரேஞ்சில் சமதள ரெயில் வைத்திருந்த ஒருவர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். பங்குனியில் ஒரு ஞாயிறு நானும் கூடவே கோவைக்கு இறங்கினேன். 50 மீட்டரில் ஜீரோ ஆனது, எட்டு எம்ஓஏ இறக்கத்தில், கணக்குச் சொன்ன இடத்தில். அப்புறம் ஒரு சார்ட் பேப்பரில் தூக்குக்குண்டு பிடித்து நேர்கோடு கிழித்து, அடியில் ஒரு புள்ளி வைத்தோம். புள்ளியைக் குறிபார்த்து ஐந்து குண்டு. குமிழை இருபது எம்ஓஏ ஏற்றி, அதே புள்ளியைக் குறிபார்த்து இன்னும் ஐந்து. இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே 29 சென்டிமீட்டர் வரவேண்டும். ஸ்கேலை வைத்து அளந்தான்.

"சரியா இருபத்தொம்பது மாமா!"

"கோட்டைப் பாரு."

மேல் கூட்டத்தின் நடு, கோட்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வலது பக்கம் இருந்தது. அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல். அவன் என்னைப் பார்த்தான், நான் ஆலன் கீயை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். மறுபடி அவிழ்த்தோம்.